உப்பனாற்றுக் கரை ஆயா கடை: சுனாமியோடு முடிந்ததா?

ஒரு வாசகரின் கேள்வி, 8 ஜூன் 2025

பூம்புகார், தரங்கம்பாடி, பழையார் பக்கம் தண்ணீரோரம் குடும்பமாக நடத்திய மீன் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் சுனாமியோடு போய்விட்டன. இப்போது இருப்பது வெளியூர் முதலாளிகள் வைத்த ஏசி கடைகள்தான். தரங்கம்பாடியில் உப்பனாற்றுக் கரையில் ஒரு ஆயா கடை இருந்ததாம், கொடுவாக் குழம்புக்காக மாயவரத்திலிருந்து ஆள் போகும் என்று அப்பா சொல்வார். அதுவும் 2004-ல் முடிந்த கதைதானே?

9 ஜூன், இரவு 10:20

இல்லை. அந்த ஆயா என் அப்பாயி, அப்பாவைப் பெற்றவர். கடை இன்னும் நடக்கிறது, தண்ணீரோரம்தான் இல்லை. எதில் ஆட்டம் கண்டது என்று புரிய வேண்டுமானால் எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும்.

கடை ஆரம்பித்ததற்குக் காரணம் ரயில். மாயவரம் என்கிற மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் எல்லாம் அந்தத் தடத்தில்தான். அப்பாயி கூடைக்காரி. விடியற்காலை கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு ரயில் ஏறி, மாயவரத்தில் தெருத் தெருவாக விற்றுவிட்டு மதிய வண்டியில் திரும்புவார். அந்தப் பெட்டியில் ஏறினாலே மீன் வாடைதான், ஆனால் யாரும் யாரையும் இறக்கிவிட மாட்டார்கள். 1986-ல் வண்டியை நிறுத்திவிட்டார்கள். அதோடு அப்பாயியின் வாடிக்கை வீடுகள் எல்லாம் ஒரே நாளில் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டன.

விற்காத மீனை என்ன செய்வது? கருவாடு போடலாம், ஐப்பசி கார்த்திகையில் அதுவும் காயாது. ஆற்றுமுகத்தில் வலை பின்னுகிறவர்கள், வல்லம் தள்ளுகிறவர்கள், உப்பு மூட்டை ஏற்றுகிறவர்கள் என்று காலை பத்து மணிக்குப் பசியோடு நிற்கிற கூட்டம் ஒன்று இருந்தது. ஒரு மண்சட்டி, சவுக்கு விறகு, நாலு தென்னங்கீற்று. அவ்வளவுதான் முதல்.

9 ஜூன், இரவு 11:50

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மீன் கூடையோடு பஸ் ஏறிப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். தண்ணீர் சொட்டுகிறது, நாறுகிறது என்று பாதி வழியில் இறக்கிவிடுவார்கள். இறங்கின இடத்தில் கூடையில் மீன் கிடந்து வெயிலில் கண் வெளுத்துப் போகும். அப்பாயிக்கு இப்படி நடந்தது, அவரோடு போன எல்லோருக்கும் நடந்தது. அப்பாயி அதற்குப் பிறகு சாகும்வரை பஸ் ஏறும்போதெல்லாம் நடத்துநரை முறைத்துக்கொண்டேதான் சீட்டு வாங்குவார், அந்த ஆள் பாவம், ஒன்றும் தெரியாதவராக இருப்பார்.

11 ஜூன், மதியம் 2:05

கொடுவாக் குழம்பின் ரகசியம் என்ன என்று கேட்டு நிறைய பேர். ரகசியம் இல்லை, செய்முறையைப் பிறகு போடுகிறேன். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஆயா கைப்பக்குவம் என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அப்பாயியைவிட நன்றாகச் சமைக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள், என் அம்மா உட்பட (அப்பாயி இருந்தவரை இதைச் சொல்ல முடியாது). அப்பாயியிடம் இருந்தது ஏலத்தில் நிற்கிற கண்.

கரையில் மீன் குவித்ததும் ஏலக்காரர் விலை சொல்ல ஆரம்பிப்பார். அதற்கு முன் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லாம். அப்பாயி குனிந்து செவுளை விரலால் தூக்கிப் பார்ப்பார், சிவப்பா, பழுப்பா. கொடுவாவுக்குக் கண் பொன் நிறமாக மின்ன வேண்டும், மங்கினால் நேற்றைய மீன். மடவைக்கு வயிற்றை அமுக்குவார், குட்டை மடவையா ஆற்றுமுகத்து மடவையா என்று அதில் தெரிந்துவிடுமாம். கிழங்கான் என்றால் ஒன்றை வாலைப் பிடித்துக் கிடையாக நீட்டுவார், விறைப்பாக நின்றால் எடுப்பார், தொங்கினால் கூடையைத் தள்ளிவிடுவார். பேரம் பேச மாட்டார். எடுத்தால் எடுத்ததுதான்.

இன்னொன்று, காசு. கூடைக்காரிகள் காலையில் கடனுக்கு எடுத்து சாயங்காலம் கொடுப்பது வழக்கம். சொன்ன சாயங்காலம் காசு போய்ச் சேர்ந்தால்தான் மறுநாள் ஏலத்தில் அவர் குரலுக்கு மதிப்பு. அப்பாயி அதில் தவறியதில்லை. மீன்பாடு குறைந்த நாளில்கூட நல்ல மீன் நாலு அவருக்கென்று ஒதுங்கும். அதற்குப் பெயர் கைப்பக்குவம் என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

கடைப் பலகையில் தாத்தா பெயர் எழுதியிருந்தது. தாத்தா கடைக்கு வந்து பார்த்தவர்கள் குறைவு.

12 ஜூன், இரவு 9:15

இன்று மேட்டூர் திறந்தாயிற்று. நாளன்றைக்கு, 14-ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. டெல்டாவில் உழவனுக்கும் மீனவனுக்கும் வருஷம் ஆரம்பிப்பது கிட்டத்தட்ட ஒரே வாரத்தில். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் எங்கள் கடைக் கணக்கு இந்த இரண்டையும் வைத்துத்தான் ஓடியது.

தடைக்காலம் 2001-ல் வந்தபோது 45 நாள், ஏப்ரல் 15 முதல் மே 29 வரை. 2017-லிருந்து 61 நாள். விசைப்படகுக்குத்தான் தடை, கட்டுமரமும் நாட்டுப்படகும் போகலாம். அதனால் மீனே இருக்காது என்று நினைப்பது தப்பு, இருக்கும், விலைதான் ஏறிவிடும். கடையில் அப்போது வஞ்சிரம், வவ்வால் எல்லாம் எழுத மாட்டோம். ஆற்றுமுகத்து மடவை, கெளுத்தி, சின்ன இறால், அப்புறம் குளத்து விரால். அந்தச் சமயம் பெரிய ஊர்க் கடைகளில் வஞ்சிரம் கிடைக்கிறதே என்பீர்கள். அது மேற்குக் கடற்கரையிலிருந்து ஐஸில் வருவது, அவர்களுக்குத் தடை ஜூன், ஜூலையில்தான்.

ஆற்றுத் தண்ணீர் எதற்கு முக்கியம் என்றால், கோடையில் உப்பனாற்று முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடக்கும். கடல் மீன் உள்ளே வராது, உள்ளே இருக்கிற தண்ணீர் உப்பேறிச் சூடாகும். மேலே இருந்து தண்ணீர் வந்து, அப்புறம் ஐப்பசி மழையும் சேர்ந்து முகம் உடைத்துக்கொண்டால்தான் கொடுவா ஏறும், இறால் இறங்கும். கடைமடை வரை தண்ணீர் வராத வருஷங்களில் வயலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஆற்றுமுகத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

13 ஜூன், காலை 7:30

சின்னதாக ஒன்று. பக்கத்தில் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற கூட்டத்தால் உங்களுக்கு என்ன லாபம், அவர்கள் மீன் சாப்பிட மாட்டார்களே என்று ஒருவர். கல்யாணம் பண்ணிக்கொள்கிறவர் சாப்பிட மாட்டார். மறுநாள் கோட்டை பார்க்கப் போகிறோம் என்று வேன் எடுத்துக்கொண்டு வருகிற மருமகன்களும் மச்சான்களும் யார் கணக்கு? கோட்டையைக் கால்மணி நேரம் பார்ப்பார்கள். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டியது, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றது என்று பலகையைப் படித்துவிட்டு நேரே நண்டு.

டென்மார்க்கிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அப்பாயி அவர்களுக்கு மிளகாய் போடாமல் உப்பும் மஞ்சளும் தடவிக் கிழங்கான் வறுத்துக் கொடுப்பார். அதைச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் பக்கத்து இலையைப் பார்ப்பார்கள். பார்த்தால் அதிலும் கொஞ்சம் வைப்பார். அப்புறம் கண்ணீரும் சிரிப்புமாக எழுந்து போவார்கள்.

15 ஜூன், காலை 6:10

தடை முடிந்தது. அப்பாயியின் மகள், இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிற அத்தைக்குப் போன் போட்டேன், "பேசாத, ஏலத்துல நிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

18 ஜூன், இரவு 10:40

இறால் பண்ணைக் கதையைத் தொடாமல் போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சுனாமிக்கு முன்பே கடை ஒருமுறை போகப் பார்த்தது என்பதைச் சொல்லாவிட்டால் கேள்விக்குப் பதில் சொன்னதாகாது.

90-களின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் கடலோர நிலமெல்லாம் டைகர் இறால் குட்டையாகிக்கொண்டிருந்தது. நெல் விளைந்த நிலத்திலும் வெட்டினார்கள். கம்பெனி ஆட்கள், பம்பு ஓட்டுகிறவர்கள், குஞ்சு கொண்டுவருகிற வேன்காரர்கள் என்று கடையில் உட்கார இடமிருக்காது. கீற்றுக்கொட்டகை ஓட்டுக்கட்டடம் ஆனது அந்தக் காசில்தான். சித்தப்பா கல்லாவில் இருந்தார். தினமும் அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, நாமும் ஒரு குட்டை எடுத்தால் என்ன என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. அப்பாயியின் வளையல், அத்தை கல்யாணத்துக்குச் சேர்த்தது, கடன், எல்லாம் போட்டுக் குத்தகைக்கு எடுத்தார்.

அதே நேரம் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் பண்ணைகளுக்கு எதிராக ஊர் ஊராக ஆட்களைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். குடிதண்ணீர் உப்பாகிறது, கூலி வேலை போகிறது, கரைக்குப் போகிற பாதையை அடைக்கிறார்கள் என்பது புகார். மூன்றுமே எங்கள் ஊரில் நடந்தது. அப்பாயி அந்தக் கூட்டங்களுக்குப் போவார்! காலையில் மகன் குட்டைக்குத் தீவனம் எடுத்துப் போவான், சாயங்காலம் தாய் குட்டையை மூடச் சொல்லிக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். ராத்திரி வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டுமா?

முடிவைத் தாயும் சொல்லவில்லை, மகனும் சொல்லவில்லை, வெள்ளைப்புள்ளி நோய் சொன்னது. 1994, 95-ல் கிழக்குக் கடற்கரை பூராவும் அடித்தது. ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரியும், இறால் கரையோரம் ஒதுங்கும், அடுத்த சில நாளில் குட்டை முழுக்கச் செத்து மிதக்கும். சித்தப்பாவின் இரண்டாவது போகமே அப்படிப் போனது. 1996 டிசம்பர் 11-ல் ஜெகந்நாதன் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை கூடாது என்று தீர்ப்புச் சொன்னபோது எங்கள் குட்டையில் பாசிதான் இருந்தது. தீர்ப்பு முழுசாக நடைமுறைக்கு வந்ததா என்பது வேறு கதை, அந்தப் பக்கம் வந்தவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

கடனைக் கடைதான் அடைத்தது. எட்டு வருஷம்.

19 ஜூன், இரவு 8:00

சித்தப்பா படித்துவிட்டார். யாரோ எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். போனில் அவர் சொன்னதை அவர் தரப்பாக அப்படியே எழுதிவிடுகிறேன். ஒன்று, வளையலை அவர் கேட்கவில்லை, அப்பாயியே கழற்றிக் கொடுத்தாராம். இரண்டு, எட்டு வருஷம் கடனை அடைத்தது கடை என்றால் அந்தக் கடையில் எட்டு வருஷமும் கல்லாவில் தூங்காமல் உட்கார்ந்தது யார்? மூன்று, "ஒங்கப்பன் கவர்மெண்ட் வேலைக்குப் போயிட்டான், ஊர்ல கெடந்தது நான்."

மூன்றாவதுக்கு என்னிடம் பதில் இல்லை. முதலாவதை அத்தையிடம் கேட்டேன், "கழட்டிக் குடுத்துச்சுதான், ஆனா எப்படிக் குடுத்துச்சுன்னு கேளு" என்றார். அத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

22 ஜூன், மாலை 5:30

2004. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. ஞாயிறு என்பதால் கடையில் வேலை சீக்கிரமே ஆரம்பித்திருந்தது. அப்பாயி ஏலம் முடித்து, மீனைக் கடையில் போட்டுவிட்டு, புளி வாங்கப் பொறையார் போயிருந்தார். கடையில் மீன் அரிந்துகொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவர் திரும்பவில்லை. அவரைப் பற்றி இங்கே எழுத அவர் வீட்டாரிடம் நான் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

கடையில் மிச்சம் இருந்தது தரை. சுவர் இல்லை, ஓடு இல்லை, அம்மி ஆற்றுக்குள் கிடந்தது, பிறகு எடுத்தோம். அதனால், சுனாமி கடையை அழித்ததா என்றால் கட்டடத்தை அழித்தது. ஆனால் கட்டடம் போனதால் கடை நிற்கவில்லை. பங்குனியில் அதே இடத்தில் பழையபடி கீற்றுப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கூடைக்காரிக்கு நாலு கீற்று பெரிய விஷயமா?

22 ஜூன், இரவு 11:10

பிரச்சினை வேறு பக்கமிருந்து வந்தது. இதை வெளியூர்க்காரர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். சுனாமிக்குப் பிறகு ஜனங்கள் கடல் மீன் தின்பதை நிறுத்திவிட்டார்கள். கடலில் போன உடல்களை மீன் தின்றிருக்கும் என்று பயம். மீன் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று பெரிய மனிதர்கள் தின்று காட்டினார்கள். பயம் போகவில்லை. படகு போனவனுக்குப் படகு கிடைத்து, வலை கிடைத்து, கடலுக்குப் போய் மீன் கொண்டுவந்தால் வாங்க ஆள் இல்லை. ஏலத்தில் குவியல் அப்படியே கிடக்கும்.

நானும் சாப்பிடவில்லை. நான் மட்டுமா, அப்பாயியே சாப்பிடவில்லை. அதனால் விற்கவும் இல்லை. "நா திங்காதத எலையில வைக்க மாட்டேன்." அந்த மாசங்களில் கடையில் ஓடியது குளத்து விராலும் கெண்டையும் முட்டைக் குழம்பும். கடலோரத்தில் உட்கார்ந்து முட்டைக் குழம்பு விற்றோம்! பிறகு நிவாரண வேலைக்கு வந்தவர்கள், வீடு கட்டுகிறவர்கள் என்று கூட்டம் வந்தது. அவர்கள் வெளியூர்க்காரர்கள், மீன் இல்லையா என்று கேட்டார்கள். அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக மீன் திரும்பியது. முதல் நாள் எந்த மீன் வைத்தோம் என்பதில் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு: அத்தை நெத்திலி என்கிறார், அம்மா சங்கரா என்கிறார்.

27 ஜூன், மதியம் 1:40

அப்படியென்றால் ஆற்றங்கரையை விட்டு ஏன் போனீர்கள் என்பது சரியான கேள்வி.

2005-ல் அரசு ஆணை வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு, பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும். அங்கேயே இருப்பேன் என்றால் இருக்கலாம், உதவி கிடையாது. பாதி ஊர் புதுக் குடியிருப்புக்குப் போயிற்று. கடைக்கு அதில் இடமே கிடையாது. கரையில் பக்காவாகக் கட்ட 1991-ன் கடற்கரை ஒழுங்குமுறை விதி விடாது. எங்கள் ஓட்டுக்கட்டடமே எந்த அனுமதியில் நின்றது என்று யாரும் கேட்காமல் இருந்ததுதான் அதுவரை அதன் பத்திரம். கேட்டிருந்தால் சுனாமிக்கு முன்பே போயிருக்கும்.

கீற்றுக் கொட்டகையாகவே சில வருஷம் ஓட்டினார்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலில் கரையேறியபோது அதுவும் படுத்துவிட்டது. சித்தப்பா பெரிய ரோட்டில் இடம் பிடித்தார். ஃபேன், டைல்ஸ், வண்டி நிறுத்த இடம், பின்னால் குடும்ப அறை. வியாபாரம் நன்றாகத்தான் இருந்தது. காரைக்கால் போய் மலிவாகக் குடித்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் ராத்திரி வறுவலுக்கு நிற்கும், அதில் ஒரு காசு. அப்பாயிக்கு அந்தக் கூட்டம் பிடிக்காது. எட்டு மணிக்கு மேல் மீன் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவார், மீன் இருக்கும்.

அவர் 2011 மார்கழியில், தானே புயல் கடலூர்ப் பக்கம் அடித்த அந்த வாரம், காலமானார். புயலால் இல்லை, வயசு.

இனித்தான் முக்கியமான இடம். அப்பாயிக்கு முட்டி வலி வந்து ஏலத்துக்குப் போவது நின்ற பிறகு, சித்தப்பா போனில் மீன் வாங்க ஆரம்பித்தார். ஏஜெண்டிடம் சொன்னால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு வாசலில் வந்து இறங்கும். ஏற்றுமதிக்குப் போக மிஞ்சியது அதில் இருக்கும். எந்த ஊர் மீன், எத்தனை நாள் மீன் என்று கேட்டால் "ஃபிரெஷ்தான் சார்". இறாலும் 2009-க்குப் பிறகு பண்ணையில் வளர்க்கிற வனாமி ரகம், வருஷம் முழுக்க ஒரே அளவு, ஒரே விலை, ஒரே ருசி. சமைத்தது அதே அத்தை, அதே வடகம், அதே சட்டி. ஆனால் ஆட்கள் "முன்ன மாதிரி இல்ல" என்றார்கள். வேறு கடைக்குப் போனார்கள், அங்கேயும் அதே ஏஜெண்ட்டின் பெட்டிதான் இறங்கியிருக்கும், அது வேறு விஷயம்.

கடை சரிந்தது இங்கே. 2004-ல் இல்லை.

1 ஜூலை, இரவு 9:00

கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர்களுக்குக் குழம்பு. சின்ன வெங்காயம் நிறைய, தக்காளி கொஞ்சம், பழம்புளி, வீட்டில் அரைத்த குழம்புத்தூள். நல்லெண்ணெயில் வெங்காய வடகத்தைக் கிள்ளிப் போட்டுத் தாளிக்க வேண்டும், டெல்டாவில் வடகம் இல்லாமல் மீன் குழம்பு கிடையாது. குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் விட்ட பிறகு மாங்காய், அது பாதி வெந்ததும் மீன். மீன் விழுந்த பிறகு கரண்டி போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கொடுவாவுக்குத் தேங்காய் வேண்டாம், மீனிலேயே கொழுப்பு உண்டு.

மடவை செய்கிறவர்கள் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைக் கல்லுப்பு போட்டுத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டு மண்வாடை என்று மீனைத் திட்டக் கூடாது.

கொடுவா கிடைக்கவில்லை, திலேப்பியா போடலாமா என்று கேட்டவருக்கு: போடலாம், என்னிடம் சொல்லாமல்.

6 ஜூலை, இரவு 10:25

இரண்டு நாளாக இங்கே நடக்கிற வாதத்தைப் பார்த்தேன். ஒருவர் சொல்வது, எல்லாம் பழசைப் புகழ்கிற பேச்சு, இன்றைக்கு ஒரு கடைக்கு ஏலத்தில் போய் நின்று வாங்குவது கட்டுபடி ஆகாது. இன்னொருவர், ஐஸ் மீன் கெட்ட மீன் இல்லை, கரையில் வெயிலில் கிடந்த மீனைவிட ஐஸ் மீன் எவ்வளவோ மேல் என்கிறார்.

இரண்டாமவர் சொல்வது சரி. மீனுக்குச் சமமாக ஐஸ் போட்டு உடனே அடுக்கினால் அது நல்ல மீன்தான். அப்பாயி காலத்தில் சோழகக் காற்று அடிக்கிற மாசங்களில் வெயிலில் எவ்வளவு மீன் வீணாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். திருக்கையும் சுறாவும் பதினோரு மணிக்கே மூக்கில் ஏறும், அதன் உடம்பில் இருக்கிற யூரியா அம்மோனியாவாக மாறுகிற வாடை அது. ஐஸ் இருந்திருந்தால் கடையில் சுறாப்புட்டு இன்னும் நிறைய நாள் கிடைத்திருக்கும். ஆக நான் ஐஸுக்கு எதிரி இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்து, இது வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற ஆள் கடையில் இருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி. சித்தப்பா திருப்பி அனுப்பமாட்டார். ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியிருந்தார். முன்பணம் வாங்கினவர் எப்படிப் பெட்டியைத் திருப்புவார்?

முதலாமவருக்கு: கொரோனா ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது ஏஜெண்ட் வரவில்லை, வண்டி ஓடவில்லை. ஊரில் நாட்டுப்படகு மட்டும் கொஞ்சம் போய் வந்தது. அத்தை வீட்டுத் திண்ணையில் குழம்பு வைத்து, தூக்குவாளி கொண்டுவருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். அதற்கு மீன் வேண்டுமே, கரைக்குப் போனார். போனவரை ஏலக்காரர் அடையாளம் கண்டுகொண்டு, "ஆயா மவளா? சாயங்காலம் காசு குடுத்தாப் போதும்" என்றாராம். அப்பாயி போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அத்தை போனில் வாங்கவில்லை. ரோட்டுக் கடையின் பாதியைச் சித்தப்பா வாடகைக்கு விட்டுவிட்டார், செல்போன் ரிப்பேர் கடை. மீதிப் பாதியில் ஆறு மேசை. கட்டுபடி ஆகிறதா என்றால் ஆகிறது, ஆறு மேசைக்கு. பத்து மேசைக்கு ஆகாது என்று அத்தையே சொல்கிறார். குடும்பக் கடை பெரிசாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

7 ஜூலை, காலை 6:45

நண்டு பற்றிக் கேட்டது யார் என்று மறந்துவிட்டேன். பௌர்ணமியை ஒட்டி நண்டு வாங்காதே, உள்ளே சதை இருக்காது என்பது கரையில் எல்லோரும் சொல்வது. அத்தை நாள் பார்ப்பதில்லை. அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துவார், உள்ளே போனால் காலி நண்டு, கல்லாக நின்றால் எடுப்பார். இரண்டு நண்டு ஒரே அளவு என்றால் கையில் கனமானது.

24 ஜூலை, மாலை 4:15

ஆடி அமாவாசை. பூம்புகாருக்குத் தர்ப்பணத்துக்குப் போன கூட்டம் திரும்புகிற நாள், இன்றைக்கு யாரும் மீன் கேட்க மாட்டார்கள், கடைக்கு விடுமுறை. அதனால் அத்தையோடு சாவகாசமாகப் பேச முடிந்தது. முதலில் கேள்வி கேட்டவர், பார்த்தீர்களா, தண்ணீரோரக் கடை போய்விட்டது என்று நான் சொன்னது சரிதானே என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். தண்ணீரோரம் என்பதில் சரி, குடும்பம் போய்விட்டது என்றதில் சரியில்லை என்று நான் பதில் எழுதப் போவதாகச் சொன்னேன். அத்தைக்கு அந்த வாதத்தில் சுவாரசியம் இல்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் சாக்கடை வாடை, கொசு, இப்போ எவன் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவான் என்றார்.

கடைப் பெயரும் வழியும் போடச் சொல்லி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். அத்தை வேண்டாம் என்கிறார். போன வருஷம் யாரோ வீடியோ எடுத்துப் போட்டு, அடுத்த ஞாயிறு ஆறு மேசைக்கு எழுபது பேர் வந்து, மீன் தீர்ந்து, வந்தவர்கள் அத்தையிடம் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். தரங்கம்பாடியில் ஏலக்கரையில் நின்று ஆயா மகள் கடை எது என்று கேட்டால் காட்டுவார்கள். வார நாளில், ஒரு மணிக்குள் வாருங்கள். என்ன மீன் இருக்கிறது என்று கேட்டுச் சாப்பிடுங்கள், வஞ்சிரம் இருக்கிறதா என்று ஆரம்பிக்காதீர்கள்.